எடை நின்ற இடத்திலேயே நின்றது, சீஆர்பி குறைந்தது

எடை இறங்கவில்லை என்பதற்காக நடையைக் கைவிட்டதாக இங்கே இருவர் எழுதியிருந்தார்கள். அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியபோது என் இடுப்புச் சுற்றளவு, தெற்காசியப் பெண்களுக்குச் சொல்லப்படும் 80 சென்ரிமீற்றர் எல்லையை நன்றாகவே கடந்திருந்தது. சீனி வருத்தம் இல்லை. ஆனால் உடலுக்குள் அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடும் சீஆர்பி என்ற புரதத்தை நுணுக்கமாக அளக்கும் எச்எஸ் சீஆர்பி பரிசோதனையில் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. 1க்குக் கீழே என்றால் இதய நோய்க்கான அபாயம் குறைவு, 3க்கு மேலே என்றால் அதிகம் என்று கணிப்பார்கள். அறிக்கையைப் பார்த்த வைத்தியர், "காய்ச்சல், தடிமன் ஏதும் வந்ததா? பல் முரசில் இரத்தம் கசிகிறதா?" என்று கேட்டு, வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார். தொற்று இருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதால், இரண்டு கிழமை கழித்து மீண்டும் சோதிக்கச் சொன்னார். அப்போதும் அது இறங்கவில்லை.

அவர் விளக்கியதும் நான் பிறகு வாசித்ததும் இதுதான்: வயிற்றுக்குள் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அதன் கலங்கள் பெருத்து நெருக்கடிக்குள்ளாகும்போது நோயெதிர்ப்புக் கலங்கள் அங்கே திரண்டு, டிஎன்எஃப் அல்பா, ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் சுரப்புகளை இரத்தத்தில் கலக்க, ஈரல் சீஆர்பியை உற்பத்தி செய்கிறது. விந்தை என்னவென்றால், வேலை செய்யும் தசையும் அதே ஐஎல்-6ஐத்தான் விடுகிறது. கொழுப்பிலிருந்து அது நாளெல்லாம் சிறிது சிறிதாகக் கசிகிறது. தசையிலிருந்தோ நடக்கும் வேளையில் மட்டும் எழுந்து, ஐஎல்-10 போன்ற அழற்சி தணிக்கும் பொருட்களைத் தூண்டிவிட்டு அடங்குகிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த பென்டே பெடர்சன் குழுவினரின் ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

மச்சாளும் நானும் பழைய கல்லடிப் பாலத்தில் விடியுமுன் விரைந்து நடக்கத் தொடங்கினோம். கச்சான் என்னும் வறண்ட சூடான காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறிய பின் நடப்பது வீண் வதை. மச்சாள் முழு வசனமாகக் கதை சொல்லும்வரை வேகம் சரி, சொல் சொல்லாகத் திணறினால் குறைக்க வேண்டும், பாட்டே பாடினால் கூட்ட வேண்டும் என்பதே எங்கள் கணக்கு. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவில் கீழ் எல்லையைத்தான் எட்டினோம். மாரியில் அதுவும் குறைந்தது.

ஆறேழு மாதத்தில் எடை ஒன்றரைக் கிலோதான் இறங்கியது, அதுவும் மாரியில் பாதி திரும்பி வந்தது. ஆயினும் இடுப்பளவு குறைந்தது. சீஆர்பி 2க்குச் சற்று மேலே வந்து நின்றது. நடை மட்டுமே இதைச் செய்தது என்று நான் சாதிக்க மாட்டேன். கொழுப்பும் குறையும்போதுதான் சீஆர்பி நன்றாக இறங்குகிறது என்பதே ஆய்வுகளின் பொதுவான போக்கு. இராச்சாப்பாட்டில் சோற்றை நானும் பாதியாக்கியிருந்தேன். ஆனால் தராசை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாம் மாதமே நிறுத்தியிருப்பேன்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் முந்திய ஓரிரு நாளில் பழக்கமில்லாத கடும் பயிற்சி எதையும் செய்யாதிருங்கள். தசை நொந்தாலும் சீஆர்பி தற்காலிகமாக ஏறும்.