ஃபயரிங்குக்குப் பிறகு அலுமினியம் ஆக்சைடு படலத்தில் கொப்புளங்கள்: அனீலை எப்படி மாற்றுவது?

கேள்வி:
பெர்க் செல்லின் (பின்புறத்தையும் காப்புப் படலத்தால் மூடும் சிலிக்கான் சூரிய மின்கலம்) பின்புறத்துக்கான சோதனை. பி-வகை சிலிக்கான் வேஃபரின் (மெல்லிய தகடு) இருபுறமும் ஏஎல்டி (அணு அடுக்காகப் படியவைக்கும்) முறையில் 30 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு (மூலப்பொருள்கள் டிஎம்ஏ எனும் டிரைமெத்தில் அலுமினியம், நீராவி; 200 டிகிரி செல்சியஸ்). நைட்ரஜனில் 425 டிகிரி, 30 நிமிடம் அனீல் செய்ததும் (சூட்டில் வைத்துப் பதப்படுத்தியதும்) லைஃப்டைம் (சிலிக்கானில் மின்சுமப்பிகளின் ஆயுட்காலம்) பல மடங்கு ஏறுகிறது. அதன்மேல் 75 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு போட்டு ஃபயரிங் (உலோகப் பசையைச் சுடும் குறுகிய உயர்வெப்பப் படி) செய்தால் லைஃப்டைம் விழுகிறது. நுண்ணோக்கியில் வட்டவட்டமாகக் கொப்புளங்கள். அனீல் நேரத்தைக் கூட்டவா, வெப்பநிலையைக் குறைக்கவா?

பதில் 1:
முதலில் தடிமனைக் குறையுங்கள். 200 டிகிரியில் படியும் ஆக்சைடுக்குள் ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஹைட்ரஜனும் தங்கிவிடும். சூடேறும்போது அவை ஹைட்ரஜன் வாயுவாகவும் நீராவியாகவும் வெளியேறப் பார்க்கும். தடித்த படலம் வழிவிடாது. வாயு சிலிக்கான் பரப்பில் சேர்ந்து படலத்தைத் தூக்கிவிடும். நைட்ரைடு அதற்கு மேல் இன்னொரு மூடி.

எலக்ட்ரான்களைப் பரப்பிலிருந்து விலக்கும் எதிர்மின்னேற்றம் முழுக்க, ஆக்சைடும் சிலிக்கானும் சேரும் இடைமுகத்தை ஒட்டிய ஓரிரு நானோமீட்டரில்தான் இருக்கிறது. ஆகவே 6 முதல் 8 நானோமீட்டர் போதும். சுழற்சிக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் என்றால் 60 முதல் 80 சுழற்சி. 5-க்குக் கீழே போக வேண்டாம், வேதிப் பாதுகாப்பு (சிலிக்கான் பரப்பின் அறுந்த பிணைப்புகளை மூடுவது) பலவீனமாகும்.

கேள்வி கேட்டவர்:
30 வைத்தது பின்புற மின்முனைக்கான அலுமினியப் பசை துளைத்து இறங்காமலிருக்கத்தான்.

பதில் 1:
அது நைட்ரைடின் வேலை. தேவைப்பட்டால் நைட்ரைடைத் தடிமனாக்குங்கள், ஆக்சைடை அல்ல.

பதில் 2:
அனீலின் வெப்பநிலையும் போதாது. 425-இல் வெளியேறாத ஹைட்ரஜன், ஃபயரிங்கில் வேஃபர் 750 முதல் 800 டிகிரி தொடும் சில நொடிகளில் ஒரேயடியாக முட்டும். நைட்ரைடுக்கு முன்பே, நைட்ரஜனில் 550 முதல் 600 டிகிரியில் 10 நிமிடம் வாயுவை வெளியேற்றிவிடுங்கள். இந்தப் படிக்குப் பின் லைஃப்டைம் சற்றுக் குறைந்தால் பதற வேண்டாம்: இடைமுகத்தில் இழந்த ஹைட்ரஜனை ஃபயரிங்கின்போது நைட்ரைடு திருப்பிக் கொடுக்கும். நைட்ரைடு போடாத மாதிரிக்கு மட்டும் 400 முதல் 450 டிகிரியோடு நிறுத்துங்கள்.

உலையின் செட் வெப்பநிலையை நம்பாதீர்கள். பெல்ட் உலையில் அது வேஃபரின் வெப்பநிலையைவிட மிக அதிகமாக இருக்கும். வேஃபர் மீதே தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) ஒட்டி அளந்தால்தான் கணக்குச் சரிவரும்.

பதில் 3:
கொப்புளமே இல்லாமலும் லைஃப்டைம் விழலாம், அதைப் பிரித்தறிய வேண்டும். போரான் கலந்த சோக்ரால்ஸ்கி (உருகிய சிலிக்கானிலிருந்து இழுத்து வளர்த்த) வேஃபர் என்றால் வெளிச்சம் பட்டதும் போரான்-ஆக்சிஜன் குறை (லைஃப்டைமைக் கெடுக்கும் படிகக் குறைபாடு) விழித்துக்கொள்ளும்; இருட்டில் 200 டிகிரி, 10 நிமிடம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். மீண்டு வந்தால் படலத்தின் மேல் பழியில்லை.

ஒப்பீட்டுக்கு ஃப்ளோட்-ஸோன் (குடுவையில்லாமல் உருக்கி வளர்த்த, தூய்மையான) வேஃபர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 450 முதல் 700 டிகிரி வரையான அனீல், பல ஃப்ளோட்-ஸோன் வேஃபர்களின் உட்பகுதியிலேயே குறைகளைத் தூண்டிவிடும். மேலே சொன்ன 600 டிகிரி படி சரியாக அந்த வரம்புக்குள் விழுகிறது. படலம் போடுவதற்கு முன் அந்த வேஃபர்களை 1000 டிகிரிக்கு மேல் ஆக்சிஜனில் அரைமணி நேரம் வைத்து, வளர்ந்த ஆக்சைடை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் நீக்கிவிட்டுப் பிறகு ஏஎல்டிக்கு அனுப்புங்கள். படிவு, வாயு வெளியேற்றம், நைட்ரைடு, ஃபயரிங் என ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதே வேஃபரை அளந்தால் சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.