பூ விலையை ‘டிஸ்கஸ்’ செய்வதா, ‘நெகோஷியேட்’ செய்வதா?

தோவாளைப் பூக்கடை: ஓணத்துக்குக் கிரேந்தியும் வாடாமல்லியும் அனுப்புவது தொடர்பாகக் கொச்சியிலுள்ள புதிய வியாபாரி ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறேன். விலையைப் பற்றிப் பேசலாம் என்பதற்கு, ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி பிரைஸ்’ என்று எழுதினேன். ‘நெகோஷியேட்’ என்று மாற்றச் சொல்கிறாள் மகள். எது சரி?

மார்த்தாண்டம் டீச்சர்: அண்ணாச்சி, முதலில் அந்த ‘அபவுட்’டை எடுத்துவிடுங்கள். ‘டிஸ்கஸ்’ செயப்படுபொருளை நேராக ஏற்கும் வினை என்பதால் ‘டிஸ்கஸ் தி பிரைஸ்’ என்றாலே போதும். ‘விலையைப் பற்றி’ என்று தமிழில் நினைத்து எழுதுவதால் அந்தப் ‘பற்றி’ ஆங்கிலத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘அபவுட்’ சரியாகவே வரும். மற்றபடி மகள் சொல்வதே பொருத்தம். ‘டிஸ்கஸ்’ செய்தவர்கள் முடிவில்லாமலும் எழுந்து போகலாம். உடன்பாடு காண்பதற்காகவே பேசுவதுதான் ‘நெகோஷியேட்’.

குளச்சல் கணக்கர்: இலக்கணத்தில் டீச்சருடன் எனக்கு வழக்கில்லை, வியாபாரத்தில்தான் உண்டு. முதல் கடிதத்திலேயே ‘நெகோஷியேட்’ என்று எழுதினால், சொன்ன விலை இறங்கும் என்று விற்பவரே ஒப்புக்கொண்டதாக வாங்குபவர் எடுத்துக்கொள்வார். மீன் ஏலத்தில் எந்த விலைக்கு இறங்குவோம் என்பதை முன்கூட்டியே யாராவது சொல்வார்களா?

நாகர்கோவில் மாணவன்: அகராதியில் ‘விவாதி’ என்பதற்கு ‘ஆர்கியூ’ என்றும் இருக்கிறதே?

மார்த்தாண்டம் டீச்சர்: தம்பி, நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு அது பொருந்தும். விலை விஷயத்தில் எழுதினால் சண்டைக்கு அழைப்பதாகிவிடும்.

மார்த்தாண்டம் டீச்சர் (கணக்கருக்கு): ஓண நேரத்தில் பூ விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பது கொச்சிக்காரருக்கும் தெரியும். தெரிந்ததை மறைத்து என்ன பயன்? லத்தீனில் ‘ஓய்வின்மை’ என்ற பொருளிலிருந்து பிறந்த சொல் ‘நெகோஷியேட்’. விடியுமுன்னே விழித்துவிடும் தோவாளைச் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வினை இல்லை.

குளச்சல் கணக்கர்: வேர்ச்சொல் அழகாக இருக்கலாம், கடிதத்தைப் படிப்பவர் லத்தீன் பார்க்கமாட்டார், விலையைத்தான் பார்ப்பார்.

தோவாளைப் பூக்கடை: ‘அபவுட்’டை அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் ‘டிஸ்கஸ்’ இருக்கட்டும். அவர் விலை குறைத்துக் கேட்டு எழுதினால், மறுகடிதத்தில் மகளின் சொல்லை எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் டீச்சர்: கட்டாயம் குறைத்துத்தான் கேட்பார், அண்ணாச்சி. மறுகடிதத்தையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.