பாசி எடுக்கும் அக்கா சொன்ன கடிதம்

பாம்பன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் எடுக்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து முதன்முறையாக ஒரு பெண் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். நம் பக்கம் பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், கவுன்சிலிங் என்று முடிந்துவிடும். கடிதம் யார் கேட்கிறார்கள்? பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் பரிந்துரைக் கடிதங்களுக்கான பகுதியைத் திறந்தபோது எனக்கும் எல்லாம் புதிதாகத்தான் இருந்தது.

பள்ளியின் சார்பில் ஒரு கடிதம், பாட ஆசிரியர்களிடமிருந்து ஒன்றோ இரண்டோ. பல கல்லூரிகள் இவற்றைக் கேட்கின்றன. அதற்கு மேல் 'மற்றவர்' என்று ஓர் இடம் உண்டு. விளையாட்டுப் பயிற்சியாளர், வேலை கொடுத்தவர் என்று பிள்ளையை நன்றாகத் தெரிந்த யாரும் எழுதலாம். கட்டாயமில்லை. சில கல்லூரிகள் அதை வாங்குவதே இல்லை, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கடிதம் எழுதுபவரை அங்கே கவுன்சிலர் என்கிறார்கள். பெண்ணின் அப்பா அதைக் கேட்டுவிட்டு வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போய், லெட்டர்பேடில் எழுதி வாங்கி வந்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. சிபாரிசு என்றாலே நமக்குப் பெரிய மனிதர் கையெழுத்துதானே ஞாபகம் வரும்? மகளுக்காக ஒரு நாள் கடல் தொழிலை விட்டு அலைந்திருக்கிறார். ஆனால் அந்தத் தாளில் மகளைப் பற்றி இருந்தது 'மேற்படி மாணவி நல்லொழுக்கம் உடையவர்' என்ற ஒரே வரி. பள்ளிக் கடிதத்தை அப்புறம் எங்கள் தலைமை ஆசிரியர் எழுதினார்.

'மற்றவர்' இடத்துக்கு யார்? வகுப்பில் அவள் எப்படி என்று என்னால் சொல்ல முடியும். லீவு நாளில் அம்மாவோடு கடலில் இறங்குகிறாளே, அங்கே அவளைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். கூடவே கடல்பாசி எடுக்கும் ஓர் அக்காவைச் சொன்னார்கள்.

அக்கா ஒரு சாயங்காலம் கரையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது கிழிந்துவிடாமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி அப்படியே இருந்தது, ஈரத்தோடு. அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதுவதாக ஏற்பாடு. நானாகவே 'உழைப்பாளி, பொறுப்பானவள்' என்று இரண்டு வரி ஆரம்பித்துவிட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். "டீச்சர், இது எந்தப் புள்ளைக்கும் எழுதலாமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடித்துவிட்டேன்.

அப்புறம் அவரே சொன்னார்: "பாசிய எடை போடுறப்ப யாவாரி ஈரம், மண்ணுன்னு கழிப்பாக. நாங்களும் விட்டுருவோம். இவ பத்தாவது படிக்கையில எங்க அஞ்சு பேரு எடையையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தா. ரெண்டு மாசம் கழிச்சு, கடையில நாலு உப்புப் பாக்கெட்டு வாங்கியாந்தா. ஒண்ணு ஒரு கிலோ. பையில போட்டுத் தராசுல மாட்டுனா. மூணரைதான் காட்டுச்சு. சத்தம் போடல. நோட்டை யாவாரி முன்னால வச்சுட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தா. பேச வேண்டியது நாங்கதான்னு."

அதை மட்டும்தான் மொழிபெயர்த்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. கீழே, தமிழில் சொன்னதை மொழிபெயர்த்தவள் நான் என்று என் பெயரையும் போட்டேன். கடிதம் எழுதுபவரின் மின்னஞ்சலுக்குத்தான் தளத்திலிருந்து அழைப்பு வரும் என்பதால், அக்காவுக்கு அவர் மகன் போனில் ஒரு மெயில் திறந்து அதிலிருந்தே அனுப்பினோம்.

ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. இந்தக் கடிதத்தால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. மார்க் இருந்தது, அவள் எழுதிய கட்டுரை இருந்தது. ஆனால் ஆசிரியர் கடிதத்தில் இருப்பதையே மூன்றாவது ஆளும் சொல்லப்போகிறார் என்றால் தயவுசெய்து சேர்க்காதீர்கள். படிப்பவருக்கும் நேரம் கொஞ்சம்தான்.

கீழக்கரையிலிருந்து ஓர் அப்பா:

டீச்சர் சொல்வது சரி. என் மகனுக்குச் சென்னையில் தொழில் செய்யும் சொந்தக்காரரிடம் கேட்கலாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "மாமா என்னைப் பெருநாளைக்குத்தானே வாப்பா பார்க்கிறாங்க, என்னத்தை எழுதுவாங்க?" என்று கேட்டான். அந்த 'மற்றவர்' இடத்தைக் காலியாகவே விட்டோம். இரவெல்லாம் எனக்குப் பயம். அதனால் ஒரு குறையும் வரவில்லை, இடம் கிடைத்தது.

தொண்டி, இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு:

டார்ட்மத் மாதிரி சில அமெரிக்கக் கல்லூரிகளில், விரும்பினால் நண்பர் ஒருவரையும் எழுதச் சொல்லலாம். நான் விண்ணப்பித்ததில் ஒன்று அப்படி. ஏழு வருடம் ஒரே பஸ்ஸில் என்னோடு பள்ளிக்கு வந்தவனைக் கேட்டேன். மூன்று நாள் எடுத்துக்கொண்டான், யாரிடமும் காட்டவில்லை. கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று நானும் விண்ணப்பத்தில் டிக் அடித்திருந்தேன். அங்கே இடம் கிடைக்கவில்லை, காரைக்குடியில் சேர்ந்தேன். போன லீவில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுப் பார்த்தேன். "உங்க அத்தா ஆஸ்பத்திரியில கெடந்த மாசத்தைத்தான் எழுதுனேன்" என்றான். மீதியைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.