‘சேனல்’ புரதத்துக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

எழுதியவர்: தும்பி

அனைவருக்கும் வணக்கம். இளநிலை உயிரியல் பாடநூலில் செல் சவ்வு அத்தியாயத்தை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போகிறது. கொழுப்பு ஈரடுக்கு வரை சிக்கல் இல்லை. அதில் பதிந்திருக்கும் புரதங்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

மூன்று வகை. முதலாவது திறந்தால் போதும், அயனிகள் தாமாகவே பாய்ந்துவிடும். நொடிக்கு ஒரு கோடிகூடப் போகும். இரண்டாவது குளுக்கோஸ் போன்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு, தன் வடிவத்தை மாற்றி, மறுபக்கம் விடுவது. மூன்றாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தள்ளுவது. ஆங்கிலத்தில் சேனல், கேரியர், பம்ப். என்னிடம் உள்ள பழைய மொழிபெயர்ப்பு மூன்றையும் ‘கடத்தி’ என்றே சொல்லிவிடுகிறது. போன வாரம் வகுப்பில் ‘குளுக்கோஸ் கடத்தி’ என்றேன். ‘எந்த விமான நிலையத்தில் பிடிபட்டது?’ என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

எழுதியவர்: ஏரிக்கரை

தண்ணீரைத் திறந்தும் மூடியும் பிழைத்த மொழியிடம் இதற்குச் சொல் கேட்கிறீர்களே! மதகு, மடை, தூம்பு, குமிழி, கலிங்கு என்று எங்கள் கண்மாய்க்கரையிலேயே ஐந்து கிடக்கின்றன. சேனலுக்கு ‘மதகு’. மேலிருந்து தானே இறங்கினால் மதகு, கீழிருந்து இறைத்தால் ஏற்றம். ஆகவே பம்புக்கு ‘ஏற்றம்’. மதகு நேற்று முளைத்த சொல்லும் அன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் காவிரியோடு ‘மதகோதை’யும் கேட்கிறது. ‘புரதம்’ என்பதே புரத்தல் என்னும் வினையடியாகப் பிறந்ததுதான். ‘மதகுப் புரதம்’, ‘ஏற்றப் புரதம்’. வேலை முடிந்தது.

எழுதியவர்: கரிசல்

‘புரதம்’ புரத்தலிலிருந்து வந்ததென்று ஐயா சொல்வது இது எத்தனையாவது முறை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். ‘புரோட்டீன்’ என்ற ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டு யாரோ சமைத்த சொல் என்பதே என் எண்ணம். நன்றாகச் சமைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகள் மேற்படிப்பில் ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறார்கள். ‘சேனல்’ என்றே போடுங்கள். பஸ்ஸும் டிக்கெட்டும் தமிழாகிவிடவில்லையா?

எழுதியவர்: ஏரிக்கரை

‘சோடியம் சேனல்’ என்றால் அது எந்தக் கட்சியின் சேனல் என்று கேட்பான் உங்கள் மாணவன்.

எழுதியவர்: நுண்ணோக்கி

மதகு பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. நரம்பு செல்லில் மின்னழுத்தம் மாறும்போது திறந்து மூடும் புரதத்துக்கு மதகு அப்படியே பொருந்தும். சிவப்பணுவில் நீர் போகும் அக்வாபோரினுக்குப் பலகையே இல்லை. பீட்டர் ஆக்ரே குழுவினர் 1992இல் அதைத் தவளை முட்டையில் உருவாகச் செய்து, முட்டையை நீர்த்த கரைசலில் இட்டார்கள். நீர் புகுந்து முட்டை உப்பி வெடித்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒரே துளையில் போகின்றன. இது எப்போதும் திறந்தே கிடக்கும் வழி.

இரண்டாவது, மதகுக்கு ஆள் அடையாளம் தெரியாது. பொட்டாசியம் சேனல் பொட்டாசியத்தை விடும், அதைவிடச் சிறிய சோடியத்தை விடாது. சல்லடைக்கு நேர்மாறு! ராட்ரிக் மெக்கின்னன் 1998இல் அதன் அமைப்பைக் கண்டபோதுதான் காரணம் தெளிவாகப் புலப்பட்டது. அயனி உள்ளே நுழைய வேண்டுமானால் தன்னைச் சூழ்ந்த நீரைக் கழற்ற வேண்டும். துளையின் சுவரிலுள்ள ஆக்சிஜன்கள் பொட்டாசியத்துக்கு அந்த நீரின் இடத்தை அப்படியே ஈடுசெய்கின்றன. சோடியம் சிறியது; அத்தனை ஆக்சிஜன்களையும் எட்டிப் பிடிக்க முடியாது. நீரை விட்டுவிட்டு வர அதற்கு லாபமில்லை. 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை இவர்கள் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஏற்றம் வேண்டவே வேண்டாம். சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். உங்கள் சொல்லை வைத்து எழுதிப் பார்க்கிறேன்: ‘ஏற்றம் ஒருமுறை இறைத்தால் ஒரு நேர் மின்னேற்றம் வெளியேறும்.’ இதை எந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும்? ‘எக்கி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

எழுதியவர்: வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் செல் என்பதில்லை, கலம். சவ்வு மென்சவ்வு. பம்புக்குப் பம்பி. சேனலுக்குக் கால்வாய். கேரியருக்குக் காவி. ஆண்டாண்டாகப் பிள்ளைகள் இவற்றை எழுதித்தான் சோதனையில் சித்தியடைகிறார்கள். ஒவ்வொரு முறையும் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் எங்களிடம் ஒருமுறை கேட்டால் என்ன, தும்பி?

எழுதியவர்: தும்பி

தவறுதான் அக்கா. காவி அருமையான சொல். ஆனால் இங்கே ‘காவிப் புரதம்’ என்று அச்சிட்டால் அடுத்த நாள் நான் அறிவியல் அல்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

எழுதியவர்: ஏரிக்கரை

காவியை விடாதீர்கள்! காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பதும் அந்தக் ‘கா’தான். அதியமான் வாயிலில் நின்று ஔவை ‘காவினெம் கலனே’ என்றாளே! அங்கே கலன் யாழ் முதலியவை என்பது தெரியும். இருந்தாலும் வடலியின் ‘காவி’யும் ‘கலமும்’ ஒரே அடியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாட்டே ‘வாயிலோயே’ என்று தொடங்குகிறது. ஆளைப் பார்த்து உள்ளே விடுகிறவன் வாயிலோன். நுண்ணோக்கி சொன்ன பொட்டாசியம் சிக்கலும் தீர்ந்தது: ‘வாயிற்புரதம்’. மதகைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார்.

இன்னொன்று. சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகச் சுமக்கும் புரதம் சிறுகுடலில் உண்டல்லவா? அதற்குக் ‘காவடிப் புரதம்’. இரண்டு பக்கமும் சுமை!

எழுதியவர்: கரிசல்

இரண்டு பக்கமும் சுமை, சரி. ஆட்டம் யார் ஆடுவது? வியாழன் இரவு ஆகிவிட்டது ஐயா.

எழுதியவர்: நுண்ணோக்கி

‘வாயில்’ அழகு. ஆனால் ‘வாயிற்புரதம்’ என்றதும் உமிழ்நீரில் உள்ள புரதம் என்றுதான் நினைப்பார்கள். என் வாக்கு கால்வாய்க்கு, மனமில்லாமல்.

எழுதியவர்: வடலி

கால்வாய். காவியைக் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிந்துவைக்கவும்.

எழுதியவர்: கரிசல்

சேனல் தோற்றதால் கால்வாய்.

எழுதியவர்: தும்பி

அனுப்பிவிட்டேன். கால்வாய்ப் புரதம், ஏந்திப் புரதம், எக்கிப் புரதம். ‘ஏந்தி’யை யாரும் முன்மொழியவில்லை, இரவு 2 மணிக்கு நானே போட்டேன், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். ‘இலங்கையில் காவி, பம்பி’ என்று ஓர் அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறேன் அக்கா.

எழுதியவர்: ஏரிக்கரை

‘ஏந்தி’யா? ஏந்துவது கையில் வைத்திருப்பது. ஏந்தியவன் எங்கும் போகமாட்டான்; பிச்சைப் பாத்திரத்தையும் ஏந்தத்தான் செய்கிறோம். நான் என் பேரனுக்குக் காவி என்றே சொல்லிக்கொடுப்பேன்.

எழுதியவர்: நுண்ணோக்கி

தும்பி, ஒரு சிறு கவலை. சவ்வின் தடிமனே 5 நானோமீட்டர் அளவுதான். கால்வாய் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஓவியர் அதை நீளமாக வரைந்துவிடப் போகிறார். படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுதியவர்: தும்பி

படம் மாலையே வந்துவிட்டது. நீளமாகத்தான் இருக்கிறது. இரண்டு கரையிலும் தென்னை மட்டும் இல்லை.