எல்எஸ்1 எஞ்சினில் எல்எஸ்6 வால்வ் ஸ்பிரிங் மாட்டியவர்கள் இருக்கிறீர்களா?

நண்பர்களே, என்னுடையது 2000 மாடல் செவ்ரோலெ கமாரோ கார், 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின். 6000 ஆர்பிஎம் நெருங்கும்போது இழுவை தடுமாறுகிறது, பிளக், காயில், பெட்ரோல் பிரஷர் எல்லாம் பார்த்தாச்சு, ஸ்பிரிங் தளர்ந்து வால்வ் ஃப்ளோட் ஆகிறது (வேகத்தில் வால்வ் நேரத்துக்கு மூடாமல் போவது) என்றுதான் நினைக்கிறேன். 2001இல் கார்வெட் இசட்06 காரின் எஞ்சினில் வந்த எல்எஸ்6 ஸ்பிரிங்குகளைப் ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் பழைய ரீட்டெய்னர், லாக்கோடு அப்படியே மாட்டலாம் என்கிறார்கள். கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு) மாற்றவில்லை.

எஞ்சின் ஹெட்டைக் கழற்றாமல், ஒவ்வொரு சிலிண்டராக பிஸ்டனை மேலே கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துச் செய்யப் போகிறேன், வால்வ் உள்ளே நழுவிவிடுமோ என்ற பயம்தான் பெரிது. ஸ்பிரிங் உயரத்தை அளந்து ஷிம் (அடியில் வைக்கும் மெல்லிய வளையம்) வைத்தீர்களா? புது ஸ்பிரிங்கின் கூடுதல் அழுத்தத்தைப் பழைய புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) தாங்குகிறதா? அப்புறம், எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.