பொருள்: ‘ஃபேர் டீலிங்’ – தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கோபி, நூலகர்:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பதிப்புரிமை பற்றி 16 பக்கக் கையேடு ஒன்று வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. ‘ஃபேர் டீலிங்’, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சில நோக்கங்களுக்கு ஒரு படைப்பை எடுத்தாளச் சட்டம் விடுகிற இடம், அதற்கான சொல்லில் மட்டும் நிற்கிறோம். வரைவில் ‘நியாயமான பயன்பாடு’ என்று இருக்கிறது. சொல் வரும் இடம் இது: “ஓர் இயலை நீங்கள் படிப்பதற்காக ஜெராக்ஸ் எடுத்தால் அது ______. முழுநூலையும் 40 படி எடுத்து, ஸ்பைரல் போட்டு, வகுப்பில் விற்றால் அது ______ ஆகாது.” இரண்டு வரியிலும் உட்காருகிற சொல்லாகச் சொல்லுங்கள்.

ஈரோடு, வழக்கறிஞர்:

‘பயன்பாடு’ வேண்டாம் அம்மா. அது அமெரிக்காவின் ‘ஃபேர் யூஸ்’. அங்கே 1976 சட்டத்தின் 107-ஆம் பிரிவு 4 காரணிகளைக் கொடுத்து, எந்த நோக்கத்தையும் நீதிமன்றம் எடைபோட இடம் வைக்கிறது. நம் 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவு பட்டியல் போட்டுவிட்டது: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகம், திறனாய்வு அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி. அந்த வரியிலேயே கணினி நிரலை விலக்கியும் வைத்திருக்கிறார்கள். ‘சொந்தப் படிப்புக்குத்தானே’ என்று பூட்டுடைத்த மென்பொருளை ஏற்றிக்கொள்ளும் மாணவருக்கு இந்த வரி உதவாது. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் படியெடுப்பது, வினாத்தாளில் ஒரு கவிதையைக் கொடுப்பது, விடையில் எழுதுவது எல்லாம் அதே 52-இல் தனிக்கூறு. 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் பார்த்தது அந்தக் கூறைத்தான். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். என் பரிந்துரை ‘கையாளல்’. முன்னொட்டை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:

முன்னொட்டில்தான் சிக்கல். நியாயம் வடசொல். வணிகர் நேர்மைக்குப் பட்டினப்பாலை தரும் இலக்கணத்தைப் பாருங்கள்: “நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்”, “கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது.” ‘டீலிங்’ என்பதே கொள்வதும் கொடுப்பதும்தானே? இங்கே பகல் என்பது நுகத்தடியின் நட்டநடுவே இறங்கும் ஆணி. பகு என்ற வேர். பகுதி, பகிர்வு, பங்கு எல்லாம் அதன் கிளை. நாளைப் பகுப்பதால் பகல். ஆணி ஒரு விரல் தள்ளி இறங்கினால் ஒரு மாட்டின் கழுத்தில் பாரம் ஏறும். எழுதியவர் ஒரு மாடு, படிப்பவர் ஒரு மாடு. ‘நடுவெடுப்பு’ எனலாம், இல்லையேல் ‘மிகைகொளாமை’.

திருப்பூர், அச்சகம்:

ஐயா, ஆணி விளக்கம் அருமைங்க. ஆனா ‘நடுவெடுப்பு’ன்னு பார்த்ததும் பிள்ளைகளுக்கு நடுவகிடு எடுக்கறதுதான் தோணும். நம்ம பக்கத்துக் கிரயப் பத்திரத்துல இதுக்கு ஒரு சொல் இருக்குதுங்க: ‘மாமூல் வண்டித்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போகவரப் பாத்தியம்.’ பாத்தியம்னா உரிமைங்க. காடு அடுத்தவருது. தடத்துல போகலாம், வரலாம். உழக்கூடாது, வேலி போடக்கூடாது. இதைவிடத் தெளிவா வேறென்ன வேணும்? ‘எடுத்தாளும் பாத்தியம்’னு வைக்கலாம். காட்டுச் சொல் கலைச்சொல் ஆகாதுன்னு யாரும் சொல்லிறக் கூடாதுங்க. களஞ்சியம் நெல்லு கொட்டி வைக்கிற இடம். மஞ்சக்காட்டுவலசுல பொறந்த தூரன் ஐயா தலைமைப் பதிப்பாசிரியரா இருந்து 10 தொகுதி கொண்டுவந்தாங்களே, அதுக்குப் பேரே கலைக்களஞ்சியம்தான்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:

பாத்தியமும் வடசொல்லே. நியாயத்தை நீக்கிவிட்டு அதைக் கொண்டுவருவதில் என்ன லாபம்? இன்னொன்று, வரைவின் 3-ஆம் பக்கத்தில் ‘காப்புரிமை’ என்று வந்திருக்கிறது. அது கண்டுபிடிப்புக்குத் தரும் பேட்டன்ட். காப்பிரைட்டுக்குப் பதிப்புரிமை. ஒலி ஒன்றுபோல இருப்பதால் பலரும் இதில் வழுக்குகிறார்கள். பதிப்புரிமையும் எனக்கு நிறைவில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் நிரலுக்கும் பதிப்பு ஏது? ‘ஆக்கவுரிமை’ என்றால் ஆக்கியவரிடம் உரிமை நிற்பது தெரியும். அப்படியே ஒரு படைப்பிலிருந்து பிறக்கும் இன்னொரு படைப்பை, அந்த ‘டெரிவேட்டிவ் வொர்க்’கை, நன்னூல் வழி ‘வழிநூல்’ என்று சொல்லிவிடலாம்.

ஈரோடு, வழக்கறிஞர்:

காப்புரிமைத் திருத்தம் கட்டாயம். ஆக்கவுரிமையைத் தனி இழையில் பேசலாம். பாத்தியம் குறித்து எனக்கு வலுவான மறுப்பு உண்டு. தடப் பாத்தியம் நிலத்தோடு ஒட்டியது, நிலம் கைமாறினால் கூடவே போகும். 52-ஆம் பிரிவு நோக்கத்தோடு ஒட்டியது. அதே ஜெராக்ஸ் உங்கள் மேசையில் சரி, விலைபோட்டு விற்றால் தவறு. அதைவிடப் பெரிய ஆபத்து, தடத்துக்குப் பத்திரத்தில் அடிக்கணக்கு இருக்கும். பிள்ளைகள் ஏற்கெனவே ‘10 சதவீதம் எடுக்கலாம், பாட்டு 30 நொடி போடலாம்’ என்று நம்புகிறார்கள். 52-இல் அப்படிச் சதவீதமோ நொடியோ கிடையாது. 4 வரிக் கவிதையில் 4 வரியும் எடுத்தால் முழுக்கவிதையும் போயிற்று. 400 பக்க நூலில் 4 வரி ஒன்றுமில்லை. பாத்தியம் என்ற சொல் அந்தக் கணக்கு மயக்கத்தை உறுதிப்படுத்திவிடும்.

கோவை, கணினித்துறை விரிவுரையாளர்:

சொல் வளைகிறதா என்றும் பாருங்கள். கையேட்டில் அது வினையாக, எதிர்மறையாக, அடையாக வரும். ‘நியாயமாகக் கையாண்டார்’, ‘நியாயமற்ற கையாளல்’ வருகின்றன. ‘மிகைகொளாமை’யை எதிர்மறையாக்கினால் ‘மிகைகொளாமையின்மை’. அதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாது. தூய்மையைவிட 18 வயதுப் பிள்ளைக்கு முதல் வாசிப்பில் விளங்குவது முக்கியம்.

ஒரு சேர்ப்பு. ஆண்டுவிழாவில் மாணவர்கள் பாடுவதும், மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கத் திரைப்படம் போடுவதும் 52-இல் தனி விலக்கு. அதை அப்படியே யூடியூபில் ஏற்றும்போது பார்ப்பவர் வட்டம் உடைகிறது, விலக்கும் போகிறது. இது அவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். ‘நன்றி: கூகுள்’ என்று படத்தின் கீழே போடுவதும் அப்படியே. கூகுள் தேடிக் கொடுத்தது, எடுத்தவர் வேறு. எடுத்தவர் பெயரையே போட்டாலும் அது கருத்துத்திருட்டு என்ற பழியைத்தான் நீக்கும், அனுமதி ஆகாது.

கோபி, நூலகர்:

நன்றி. நேரம் இல்லை, எனவே ‘நியாயமான கையாளல்’ என்றே போகிறோம்; 5 பேரில் 3 பேர் இசைவு. முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஃபேர் டீலிங்’ என்று அருகே இருக்கும். வண்டித்தடம் சொல்லாக வராது, ஆனால் 5-ஆம் பக்கத்தில் உவமையாக வரும். அதன் கீழேயே ‘இதற்கு அடிக்கணக்கு இல்லை’ என்று தடித்த எழுத்தில் சேர்க்கிறேன். 3-ஆம் பக்கம் திருத்தியாயிற்று. யூடியூப் பத்தி 9-ஆம் பக்கம்.

திருப்பூர், அச்சகம்:

சரிங்க அம்மா. வெள்ளி மதியம் 2 மணிக்குள்ள பிடிஎஃப் வந்தாத்தான் சாயங்காலம் மெஷின் ஏத்த முடியும். 16 பக்கம் ஒரே ஃபாரம். ஒரு பக்கம் கூடினாலும் தாள் கணக்கு மாறீரும், பாத்துக்கங்க.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்கு இசைகிறேன், சொல்லுக்கு இல்லை. ‘நியாயம்’ என்றால் பிள்ளை தன் மனசாட்சியைக் கேட்கும். ‘மிகை’ என்றால் எவ்வளவு எடுத்தோம் என்று கையிலிருக்கும் தாளைப் பார்க்கும். மறுபதிப்பு வரும்போது இந்த மடலை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.