மிச்சிகன் காட்டில் 1840களின் எல்லைக் கம்பத்தைத் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். மிச்சிகன் மேல் தீபகற்பத்தில், நெகானி பக்கம், 40 ஏக்கர் காட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். அதன் ஒரு மூலை கிடைக்கவே இல்லை.

டவுன்ஷிப்பை (அரசு சர்வேயின் பெரிய நிலச் சதுரம்) 1840களில் 66 அடிச் சங்கிலியால் அளந்திருக்கிறார்கள். 6 மைல் சதுரம், தலா ஒரு சதுர மைலாக 36 செக்‌ஷன். செக்‌ஷன் மூலையிலிருந்து 40 சங்கிலி, அதாவது அரை மைலில் மரக்கம்பம் நட்டதாகச் சர்வே குறிப்பு சொல்கிறது. சாட்சி மரங்கள் (கம்பத்தின் இடத்தை அடையாளம் காணத் தூரம் அளந்து குறித்த மரங்கள்) இரண்டு: ஹெம்லாக் 22 லிங்க் (சுமார் பதினாலரை அடி), மேப்பிள் 31 லிங்க். பிற்பாடு காட்டையே வெட்டிவிட்டதால் இரண்டும் இல்லை.

காம்பஸோடு மூன்று முறை நடந்தேன், மூன்று இடத்தில் போய் நின்றேன். காரணம் மண்ணுக்குள் இருக்கும் இரும்பு. 1844 செப்டம்பர் 19 அன்று சர்வேயர் வில்லியம் பர்ட் குழுவின் காம்பஸ் முள் தாறுமாறாக ஆடியதும் இந்தப் பக்கம்தான். அவர் சூரியனை வைத்துத் திசை காட்டும் சூரியக் காம்பஸ் வைத்திருந்ததால் சமாளித்தார். போன் ஜிபிஎஸ்ஸும் மரங்களுக்கடியில் நிலையாக நிற்கவில்லை. பழைய அடிமரங்களைச் சுற்றித் தோண்டியும் பார்த்தாயிற்று.

இரு பக்கத்துச் செக்‌ஷன் மூலைகளும் உறுதியாகத் தெரியும். அவற்றின் நடுப்புள்ளியில் தேட வேண்டுமா, குறிப்பிலுள்ள ஓடையைக் கடந்த தூரத்தை வைத்துத் தேட வேண்டுமா?